நடுவில் முப்பத்தாறு நாள்

விளக்கு வைக்க இன்னும் இரண்டு மணி நாற்பது நிமிடம் இருந்தது.

வலைநூல் கடையின் சுவர்க் கடிகாரத்தைப் பூமிநாதன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். அதுவரை அதில் அவனுக்கு வேலை இல்லை. மண்டபத்திலிருந்து ரயிலேறி இராமநாதபுரம் வந்தது, தன் மீன்பிடி வள்ளத்தின் அடமானச் சீட்டைத் திருப்பி வாங்கிப் போகத்தான்.

கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டிவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"சீட்டா? சல்லிக்காசு வரலையேப்பா."

வலை பின்ன வாங்கிய நூல், இருநூறு ரூபாய்க்கு. கெடு நாற்பத்தைந்து நாள்; இன்றோடு முடிகிறது. அதற்குள் முழுதும் கட்டினால் வட்டி கிடையாது. கடைசி நாள் விளக்கேற்றிப் பேரேட்டை மூடும்போது ஒரு ரூபாய் பாக்கி நின்றாலும் போதும்; முதல் நாளிலிருந்து, முழு இருநூறுக்கும், மாதம் ரூபாய்க்கு ஓரணா வட்டி.

போன வருஷம் பதினைந்து ரூபாய்தான் நின்றது. பதினைந்துக்குத்தானே வட்டி என்று நினைத்துக் கடலுக்குப் போய்விட்டான். அந்தக் கடன் எட்டு மாதம் அவனை விடவில்லை. இந்த முறை கெடு தவறினால் வள்ளத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்று கைநாட்டு வைத்திருந்தான்.

அதனால்தான் ஒன்பதாம் நாளே, சீலா மீன் விற்ற கையோடு, இருநூறையும் பத்து ரூபாய்த் தாள்களாக மனைவி செவ்வந்தியிடம் எண்ணிக் கொடுத்தான். நாளைக்கே போய்க் கட்டிவிடச் சொல்லிவிட்டுத் தீவுப்பக்கம் தங்கி மீன்பிடிக்கப் போனான்.

இன்று காலைதான் கரையேறினான். வீடு பூட்டியிருந்தது. செவ்வந்தி முதுகுளத்தூர் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

முதுகுளத்தூரில் அவள் தம்பி இருக்கிறான். உழவு மாடு வாங்கப் பணம் கேட்டுச் சித்திரையில் வந்து போனவன்.

"பொஞ்சாதி கையில காசைக் குடுத்துட்டு நீ மீனுக்குக் காவல் இருந்தியாக்கும்!" என்றார் முதலாளி. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பூமிநாதன் மடியைத் தடவினான். ரயிலுக்கு வைத்திருந்த சில்லறை இருந்தது.

ஐந்து மணி. ஐந்தரை. ஆறு.

கணக்குப்பிள்ளை விளக்கைத் துடைத்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினார்.

செவ்வந்தி உள்ளே வந்தாள். ஓடி வந்திருந்தாள். சேலையெல்லாம் புழுதி, கண் இரண்டும் சிவந்திருந்தன. வழியெல்லாம் அழுதிருக்கிறாள் என்று அவன் நினைத்தான்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. ஒரு துணி முடிச்சை அவிழ்த்துப் பேரேட்டின் பக்கத்தில் கொட்டினாள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்த் தாள்கள், எட்டணா, நாலணா. பத்து ரூபாய்த் தாள் ஒன்றுகூட இல்லை.

முதலாளி இரண்டு தடவை எண்ணினார். மூன்றாவது தடவை எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டார்.

சீட்டு கைக்கு வந்த பிறகே கணக்குப்பிள்ளை தீக்குச்சியைக் கிழித்தார்.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் பூமிநாதன் நின்றான்.

"ஏ புள்ள, இது யார்ட்ட வாங்குன கடன்? நான் குடுத்தது உன் தம்பி வீட்டுல மாடா நிக்குதாக்கும்?"

"அவன் கேக்கத்தான் செஞ்சான். இல்லேன்னுட்டேன்." அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "நீங்க காசு குடுத்த மறுநாளே இங்கன வந்தேங்க. முன்னாடியே கட்டுனா எதும் கொறைப்பீகளான்னு கணக்குப்பிள்ளையைக் கேட்டேன். கொறைக்க மாட்டோம்னாரு. அன்னைக்கும் இருநூறு, இன்னைக்கும் இருநூறு. பெறகு எதுக்கு நம்ம காசு முப்பத்தாறு நாள் அவுக பெட்டியில தூங்கணும்?"

"கெடு தவறியிருந்தா?"

"வழியில பஸ்ஸு டயர் வெடிச்சிருச்சு. அப்பத்தான் ஈரக்குலை நடுங்கிருச்சு. அடுத்த தடவை ரெண்டு நாள் முன்னாலயே முடிச்சிரணும்."

அடுத்த தடவை என்கிறாள்.

எத்தனை வருஷமாக அந்தக் கடையில் நூல் எடுக்கிறான். அந்த நாற்பத்தைந்து நாளைக் கழுத்தில் விழுந்த சுருக்காகத்தான் அவன் அறிவான். தினமும் கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான். அது வட்டியில்லாமல் ஒருவர் நமக்குக் கொடுத்த வியாபாரக் கைமுதல் என்று அவனுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. கணக்குப்பிள்ளைக்கே தோன்றியிருக்குமா என்று இப்போது சந்தேகமாக இருந்தது.

கோபம் போன இடம் தெரியவில்லை. குரல் மட்டும் பழக்கத்தில் அதட்டியது.

"சரி, அத்தனை நாளும் அந்தக் காசு எங்கதான் இருந்துச்சு?"

செவ்வந்தி முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கருவாடா முதுகுளத்தூர் சந்தைக்குப் போச்சு. மொளகாயா மண்டபத்துக்கு வந்துச்சு. நாலு நடை. கடைக்காரருக்குக் கட்டுனது போக, என்கிட்ட எழுபத்தோரு ரூவா இருக்கு."