மோதிரம் நீட்டுபவர்களுக்கு மட்டும்

“ஏண்டி, மோதிரம் நீட்டுறவங்களுக்கு மட்டும்தான் அந்த மைக்கைக் குடுப்பீங்களா?”

“ஆமாம்மா. வேற யார் கையிலயாவது குடுத்தா அன்னைக்கே என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க.”

“அந்தப் பொண்ணு பதில் சொல்ற வரைக்கும் மைக் அவ கையிலயே இருக்குமா?”

“இருக்கும். அவ வெக்கப்பட்டு, அழுது, மூக்கை உறிஞ்சி, சரின்னு சொல்ற வரைக்கும் இருக்கும். கூட்டம் அதைப் பார்க்கத்தானே காத்திருக்கு!”

அம்மா பெருமூச்சு விட்டாள். “குடுத்து வச்சவ. உங்கப்பா என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? பெரியவங்க பேசி முடிச்சாங்க, நான் வந்துட்டேன். வந்து பார்த்தா எனக்கு முன்னாடியே ஒரு சக்களத்தி உக்காந்திருக்கா!”

சக்களத்தி என்று அம்மா திட்டுவது ஊரின் கால்பந்து டீமை. அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகள், தொண்டைத் தண்ணீர், ரத்தக் கொதிப்பு எல்லாமே அந்த டீமுக்குத்தான்.

போன வாரம் சமையலறையில் நடந்த இந்தப் பேச்சு, ஸ்டேடியத்தின் புல்தரை ஓரத்தில் மைக்குடன் நின்ற மகளுக்கு ஏனோ நினைவுக்கு வந்தது. அவள் அந்த டீமின் அறிவிப்பாளர்; இடைவேளையில் கூட்டத்தின் நடுவே மோதிரம் நீட்டிக் கல்யாணம் கேட்பவர்களிடம் மைக்கைக் கொடுப்பதும் அவள் வேலைதான்.

சொந்த ஊரில் டீமுக்கு இதுதான் கடைசி ஆட்டம். அடுத்த சீசனில் முதலாளி டீமை வேறு ஊருக்குக் கொண்டு போகிறார். அவரிடம் ஒரே ஒரு தடவை பேச வேண்டும் என்று ரசிகர்கள் நடையாய் நடந்தார்கள். யாரையும் கேட்டைத் தாண்ட விடவில்லை. இன்றுகூட வாசலிலேயே அட்டைகளையும் கறுப்புக் கொடிகளையும் பிடுங்கிக்கொண்டுதான் உள்ளே அனுப்பினார்கள்.

டீமோடு போவதாக அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள். வேலை வேண்டுமே! அது தெரிந்த நாளிலிருந்து அப்பா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காதில் மாட்டியிருந்த கருவியில் மேனேஜர் உறுமினார். “இடைவேளை விட்டாச்சு. கிழக்குப் பக்கம், மூணாவது வரிசைல ஒரு ஜோடி. நாளைக்குப் பேப்பர்ல மோதிரம்தான் வரணும். டீம் போறதைப் பத்தி எவனாவது வாயைத் திறந்தா உடனே மைக்கை அணை. இல்லேன்னா நீ நாளையிலேர்ந்து வீட்டுல.”

மைக்கை அணைக்கும் பொத்தான் அவள் இடுப்பில் தொங்கிய சின்னப் பெட்டியில் இருந்தது. அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சிரிப்பை வரவழைத்துக்கொண்டு படியேறினாள்.

மூன்றாவது வரிசையை அடைந்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே உறைந்துவிட்டது.

டீம் தொப்பியும் முழங்காலில் கட்டுமாக அப்பா! பக்கத்தில், விசேஷ வீட்டுக்குக் கிளம்பியவள் போல உடுத்திக்கொண்டு, இந்த ஸ்டேடியத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காத அம்மா!

அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டார். அவர் கையில் இருந்தது அம்மாவின் பழைய கல்யாண மோதிரம்தான். புளி போட்டுத் துலக்கிய பாத்திரம் போல மின்னியது.

“வயசான ஜோடியா? அமோகம்!” மேனேஜர் துள்ளினார். அவர்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. “கேமரா, கிட்டப் போ! அந்தம்மா முகத்தை விடாதே!”

“என்னைக் கட்டிக்கிறியா?” என்றார் அப்பா மைக்கில். அவர் காது மடல் சிவந்துவிட்டது.

“சரின்னு சொல்லுங்கம்மா!” என்று ஸ்டேடியமே கத்தியது. மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மாவின் ஆயுட்காலக் குறையை, டீம் போகிற நாளிலாவது தீர்க்க இந்த மனுஷனுக்குத் தோன்றியதே!

மைக்கை வாங்கிய அம்மா, அதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மகளின் காதருகே குனிந்தாள். “உனக்கு எதுவும் தெரியாது. யார் கேட்டாலும் அதையே சொல்லு.”

என்ன ஏது என்று மகள் விழிப்பதற்குள் அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள்.

“இவரைக் கட்டி மாமாங்கம் ஆச்சு. இனிமே சரின்னு சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன!” ஸ்டேடியம் குலுங்கிச் சிரித்தது. “இந்த மைக் கைக்கு வர எங்களுக்கு வேற வழி தெரியல.”

அம்மா அப்பாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். உயரத்தில், கண்ணாடி அறைக்குள் விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்தவரை நிமிர்ந்து பார்த்தாள். “முதலாளி ஐயா, உங்களைத்தான்.”

சிரிப்பு சட்டென்று நின்றது.

“ஏய், அணை! அணைன்னு சொல்றேன்ல!” காதுக்குள் மேனேஜர் அலறினார். இரண்டு காவலர்கள் படிகளில் தடதடவென்று ஏறி வந்தார்கள். மகளின் விரல் தானாகவே பொத்தானுக்குப் போனது.

ஒரு அழுத்து அழுத்தினால் போதும், வேலை தப்பிக்கும். அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே, அம்மாவை விட்டுவிட்டு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியர்த்த விரலை அவள் பொத்தானிலிருந்து எடுத்தாள். அதே கையால் காதுக் கருவியையும் பிடுங்கித் தோளில் தொங்கவிட்டாள். மேனேஜரின் குரல் கொசுவாகச் சிறுத்துப்போனது.

“இந்த டீம் எனக்குச் சக்களத்தி, ஐயா. நான் இதைத் திட்டாத நாள் கிடையாது,” என்றாள் அம்மா. ஸ்டேடியத்தின் மூலைமுடுக்கெல்லாம் அவள் குரல் கேட்டது.

“என் சக்களத்தியை எங்க ஊர்லயே விட்டுட்டுப் போயிடுங்க!”