ஆடியது யார்?

"அம்மா, உண்மையைச் சொல்லு. அன்னிக்கு ஆடினது அம்மனா, நீயா?"

அரிவாள்மனையில் சங்கரா மீனை வெட்டிக்கொண்டிருந்த ஜோதிலட்சுமியின் கை நின்றது. சாமியாடுகிறவளிடம் கேட்கவே கூடாத கேள்வி அது. கேட்டால் நாக்கு அழுகிவிடும் என்று சின்ன வயதிலேயே மகள் துர்காவுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"இன்னாடி கேக்குற? அதுவும் யாவார நேரத்துல."

சேலையூர் கேம்ப் ரோடு ஓரத்தில் அம்மாவின் மீன்கடை. ஆபீஸ் முடிந்து நேராக அங்கே வந்திருந்தாள் துர்கா. குடும்பத்தின் முதல் பட்டதாரி. நாளை அவர்கள் குப்பத்தில் ஆடித் திருவிழா. வேலை கிடைத்தால் மகள் பால்குடம் எடுப்பாள் என்பது அம்மாவின் வேண்டுதல். மகள் முடியவே முடியாது என்கிறாள்.

"கல்லுக்கு நான் ஏன் பால் தூக்கணும்? என்னைப் படிக்க வச்சது நீ. பிளஸ் டூ முடிச்சதும் அத்தை பையனுக்குக் கட்டி வைக்கிறேன்னு அப்பா ஒத்தக்கால்ல நின்னாரு. திருவிழாவுல உனக்கு அருள் வந்துச்சு. அவர் முடியைப் புடிச்சு, 'எம்பொண்ணைப் படிக்க வுடுடா'ன்னு உலுக்கின. ஊரே பார்த்துச்சு. அதோட அப்பா கப்சிப்."

"உலுக்குனது அம்மன்."

"நீதான். அம்மன் பேரைச் சொன்னாத்தான் வேலை நடக்கும்னு உனக்குத் தெரியும். செம மூளைம்மா உனக்கு. ஒத்துக்கோ, இந்த ரோட்டுலயே உன் கால்ல விழறேன்."

"வுழாத. செதிலு ஒட்டிக்கும்."

ஸ்கூட்டரில் வந்தவர் வஞ்சிரத்துக்கு விலை கேட்டார்.

"செத்த நேரம் கழிச்சு வா சார். எம்பொண்ணு கேஸ் விசாரிச்சுகினு கீறா" என்று அனுப்பிவிட்டு மகள் பக்கம் திரும்பினாள் ஜோதிலட்சுமி. "உள்ள இன்னா ஆவும்னு உனக்குத் தெரியுமா? காலு சில்லுனு ஆவும். தலைக்குள்ள அலை அடிக்கும். அப்பால முழிச்சாத்தான் நானு."

"அது உனக்குள்ள நடக்குறது. அதை வச்சு நான் எப்படி நம்புறது? பாலாம்பாள் சித்திக்கும்தான் அருள் வருது. வந்து, புருஷன் குடிக்கக் கூடாதுன்னு சொல்லுது. ஆடுறவ மனசுல என்ன இருக்கோ, அதையேதான் உங்க அம்மன் பேசுது. அன்னிக்கு முழிச்சதும் சந்தோஷத்துல நீ தேம்பித் தேம்பி அழுதியே, நான் பார்க்கலையா?"

ஜோதிலட்சுமி மீனைத் தட்டில் போட்டுவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சந்தோஷமா? அந்த மாப்ளைய புட்சதே நான்தாண்டி. நீ ரொம்ப படிச்சிட்டா எவனும் கட்ட மாட்டானோன்னு பயம். உங்கப்பன் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் நச்சரிச்சு அவர பேச வச்சேன். கண்ண முழிச்சா, அம்மனே கல்யாணத்த நிறுத்திட்சுன்றாங்க. வயிறு எரிஞ்சு அழுதேன். ஒரு வருசம் அவகூட நான் பேசவே இல்ல. இன்னிக்கு உன்னப் பாக்கும்போதுதான், அவ சொன்னது நாயம்னு தெரியுது."

துர்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

"எங்கடி போற?"

"மஞ்சப் புடவை எடுக்க" என்றாள் துர்கா, திரும்பாமலே. "அன்னிக்கு உனக்குள்ள வந்தது யாருன்னு எனக்குத் தெரியாது. அது நீ இல்லேன்னு ஆயிடுச்சுன்னா, தேங்க்ஸை நான் வேற யாருக்குப் போய்ச் சொல்றது?"