டீசல் குடிக்கிற ஜீப்

"ஏனுங்க ஆறுக்குட்டி, டீசலைக் குடிக்கறது உங்க ஜீப்புங்களா, இல்ல நீங்களா?"

மானேஜர் ராஜசேகர் கேட்டதும் ஆபீஸ் வாசலில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சம்பள நாள். பாதி எஸ்டேட் அங்கேதான் இருந்தது.

ஆறுக்குட்டி மட்டும் சிரிக்கவில்லை. தலையில் இருந்த குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கட்டபெட்டுப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் அது. ஜீப் இரண்டு. ஒன்று ஆறுக்குட்டி ஓட்டுவது, இன்னொன்று வசந்த்குமார் ஓட்டுவது. மேலே பறிக்கிற கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுள்ள மண் ரோட்டில் இறங்கிக் கீழே பேக்டரியில் சேர்க்க வேண்டும். மேலே தார் ரோட்டிலிருந்து தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு வருவதற்கும் அந்த இறக்கத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

"அதே ரோடு, அதே கொழுந்து. வசந்த்குமார் வண்டியை விட உங்க வண்டிக்கு ரெண்டு பங்கு டீசல் ஆகுது. எப்படிங்க அது?"

"நான் ரெண்டு நடையா அடிக்கறனுங்க சார்."

"அவன் ஒரே நடையில கொண்டாந்துர்றானே?"

"ஜீப்போட பக்கக் கம்பிக்கு மேல உசரமா மூட்டை அடுக்கி எனக்குப் பழக்கமில்லைங்க. இறங்கறதும் செகண்ட் கியர்லதானுங்க."

"இறங்கறதுக்கு எதுக்குண்ணா கியரு?" என்றான் வசந்த்குமார். "நியூட்ரல்ல போட்டுச் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைச்சுட்டா முடிஞ்சுது. மலையே தள்ளிட்டு வந்து பேக்டரி வாசல்ல உட்ருது."

மறுபடியும் சிரிப்பு.

"சார், நான் கொழுந்துக் கூடையோட நடந்தே அண்ணன் ஜீப்பைத் தாண்டியிருக்கறேன்" என்றாள் மூக்கம்மா. "போறப்ப, வரட்டுமாண்ணான்னு சொல்லிட்டு வேற வந்தேன்."

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அவரு புள்ளைக்குக் கல்யாணம் வருதல்லோ. டீசல் எங்க போகுதுன்னு தெரியாதாக்கும்."

ஆறுக்குட்டி குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். யார் என்று தெரிந்திருக்கும்.

"நீங்க வித்தீங்கன்னு நான் சொல்ல வரலைங்க" என்றார் ராஜசேகர். "ஆனா எனக்கும் மேல கேக்கறவங்க இருக்காங்க. நாளையிலிருந்து நீங்க செடி கவாத்து வெட்டப் போயிருங்க. ஜீப்பை வேற ஆளுக்குக் குடுத்தர்றேன். சாவியை மேசையில வச்சிருங்க."

ஆறுக்குட்டிக்கு இந்த எஸ்டேட்டில் ஸ்டியரிங் பிடித்துத்தான் பழக்கம். கத்தி பிடித்ததில்லை. இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துத் துண்டில் துடைத்து மேசை மேல் வைத்தார்.

"புது ஆளு வந்தா ஒண்ணு மட்டும் சொல்லிருங்க சார். மேட்டுல நிறுத்தறப்ப சக்கரத்துக்குக் கல்லு வைக்கோணும். ஹேண்ட் பிரேக்கை நம்ப வேண்டாம்."

"சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம்."

ராஜசேகர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு புது குக்கர் பெட்டியை எடுத்தார். டீசல் மிச்சம் பண்ணினவருக்கு எஸ்டேட் கொடுக்கிற பரிசு. வசந்த்குமார் வாங்கிக்கொண்டான். எல்லாரும் கை தட்டினார்கள். ஆறுக்குட்டியும் தட்டினார்.

அப்போது வசந்த்குமார் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பேசினான். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"சார், கோத்தகிரி ஆஸ்பத்திரியில ராஜப்ரியாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்களாமுங்க. குழந்தையும் நல்லா இருக்குதாமுங்க."

"அடடே, நல்ல சேதி. பிள்ளை பெத்தவங்களைக் கூட்டிட்டு வர்றதுக்கு எஸ்டேட் ஜீப் தர்றது வழக்கந்தானே. எடுத்துட்டுக் கிளம்புப்பா. பொண்டாட்டி புள்ளையை நீயே ஓட்டிக் கூட்டிட்டு வா."

வசந்த்குமார் நகரவில்லை. குக்கர் பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"என்னப்பா, கிளம்பலையா?"

"சார், அந்தச் சாவியை ஆறுக்குட்டி அண்ணங்கிட்ட இந்த ஒரு நடைக்குக் குடுத்தீங்கன்னா..."

"எதுக்கு? உன் வண்டி வாசல்லதானே நிக்குது."

"அது வேண்டாமுங்க."

"ரிப்பேரா?"

"ரிப்பேரெல்லாம் இல்லைங்க."

"அப்புறம் என்ன? நீயே ஓட்டிட்டு வர வேண்டியதுதானே?"

வசந்த்குமார் ஆறுக்குட்டியைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை.

"அவர் ஓட்டினா ரெண்டு பங்கு டீசல் ஆகும்னு இப்பத்தானேப்பா பேசிட்டிருந்தோம்?" என்றார் ராஜசேகர்.

வசந்த்குமார் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆகட்டுமுங்க சார். பச்சக் குழந்தையாச்சுங்களே, அண்ணன் வண்டியிலயே வரட்டும். அந்த டீசலை என் சம்பளத்துல புடிச்சுக்கங்க."