டேப் சுற்றிய கன்ட்ரோலர்

"இண்டக்கி நல்லத நீ எடு மச்சான். பொறகு ஒத்தரும் ஒரு கொறயும் செல்லப்படாது."

அப்ஹம் நீட்டிய கன்ட்ரோலரை நிரோஷன் நம்பாமல் பார்த்தான்.

"நெசமாவா?" என்றான்.

மக்கீன் நானாவின் சீடி கடைப் பின்னறையில் கேம் விளையாட கன்ட்ரோலர் இரண்டு இருந்தன. ஒன்று இன்னும் பளபளப்புக் குறையாதது. மற்றது எப்போதோ கீழே விழுந்து வயர் பிய்ந்து, சிவப்பு டேப் சுற்றியது. அதன் இடது குச்சியைத் தொடாமல் விட்டாலும் கார் இடது பக்கமாக இழுத்துக்கொண்டே போகும்.

ரப்பர் தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு எப்போதும் டேப் சுற்றியதுதான். "ரப்பர் பால் கை தம்பி, பட்டனெல்லாம் ஒட்டிப் போகும்" என்பார் மக்கீன் நானா. சிரித்துக்கொண்டே சொல்வதால் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

நிரோஷனுக்கு அது பழகிவிட்டது. மழை பெய்தால் தோட்டத்தில் பால் வெட்டு கிடையாது. பால் வெட்டு இல்லாத நாளில்தான் அவன் கடை இருக்கும் கரவனெல்லைக்கு பஸ் ஏறுவான். மூன்று வருஷத்து மழையும் அந்த டேப் கன்ட்ரோலரோடுதான் போயிற்று. இடது கட்டை விரலை எந்நேரமும் ஒரு நூல் வலப்பக்கம் அழுத்தியே வைத்திருப்பான். கார் நேராகப் போகும். அழுத்தி அழுத்தி விரல் நுனியில் ஒரு பக்கம் காய்த்தே போயிருந்தது.

அந்த ஓட்டைச் சாமானை வைத்துக்கொண்டு கடைக்காரரின் மகன் அப்ஹமை நாலு தரம் தோற்கடித்திருக்கிறான் என்றால் பாருங்களேன்.

ஆனால் இன்றைக்கு நடக்கப்போவது சும்மா விளையாட்டு இல்லை. அடுத்த மாதம் கொழும்பில் போட்டி. கரவனெல்லையிலிருந்து ஒரே ஒருவருக்குத்தான் இடம், இன்றைக்கு வெல்கிறவனுக்கு. அங்கே இன்னும் கடைக்கே வராத புது கேமை ஓட்டத் தருவார்களாம். அதன் படம் வந்த பக்கத்தை யாரோ வீசிய இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து கிழித்து, எட்டு மாதமாக அடையாள அட்டையோடு வைத்துக்கொண்டு திரிகிறான் நிரோஷன். படத்தில் ரோடெல்லாம் மழைத் தண்ணீர். அந்த கேமில் மழை பெய்யுமாம், மழைக்குக் கார் வழுக்குமாம். மழையைப் பற்றி அவனுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன?

பௌர்ணமிப் போயா லீவு என்பதால் அறை நிறைய ஆட்கள். அப்ஹமின் பெரிய மனசுக்கு எல்லோரும் கைதட்டினார்கள். நிரோஷனோடு தோட்டத்தின் அதே லயத்து வரிசை வீடுகளிலிருந்து வந்திருந்த சின்னத்தம்பிதான் எல்லோரையும் விட பலமாகத் தட்டினான்.

நிரோஷன் கையைக் காற்சட்டையில் இரண்டு தரம் துடைத்துவிட்டு வாங்கினான். அடேயப்பா, குச்சி என்ன மிருது! ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்க நாக்கு வரை வந்தது. இவ்வளவு கொடுத்தவனிடம் அதையும் கேட்டால் அல்பம் என்று நினைப்பார்களே. விழுங்கிக்கொண்டான்.

மூன்று சுற்று ஓட்டம். பச்சை விளக்கு விழுந்தது.

பாய்ந்த வேகத்தில் அவன் கார் வலப்பக்கச் சுவரில் போய் உரசியது. கன்ட்ரோலர் கைக்குள் கிறுகிறுவென்று அதிர்ந்தது. டேப் சுற்றியதில் அந்த அதிர்வு செத்துப் பல காலம். நிரோஷன் திடுக்கிட்டுப் போனான். நேராக்கினான். மறுபடியும் சுவர்.

அப்போதுதான் உறைத்தது. காரை இழுப்பது கன்ட்ரோலர் இல்லை, தன் விரல்.

விடு, அழுத்தாதே, விடு என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லி ஓட்டினான். இரண்டாம் சுற்றில் கார் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. முன்னால் அப்ஹமின் மஞ்சள் கார். அந்த ஓட்டைக் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு இவன் எப்படி இத்தனை நேராகப் போகிறான்? யோசிக்க நேரமில்லை.

மூன்றாம் சுற்றில் எட்டிப் பிடித்தான். கடைசி வளைவில் முந்தியும் விட்டான். அறையே எழுந்து நின்று கத்தியது. பிடரியில் வியர்வை வழிந்தது. முடிவுக் கோடு தெரிந்தது. கொழும்பு தெரிந்தது. அந்த மழை ரோடு தெரிந்தது. போதும், வென்றாயிற்று என்று நினைத்தான்.

அந்தச் சந்தோஷத்தில் விரலை மறந்துவிட்டான்.

கார் வலப்பக்கம் திரும்பி, வேலியைப் பிய்த்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. மஞ்சள் கார் கோட்டைத் தாண்டியது. நிரோஷனின் கைக்குள் கன்ட்ரோலர் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"நல்லத குடுத்தும் இப்புடி விட்டுட்டியேடா!" சின்னத்தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது.

நிரோஷன் கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். யாரைக் குறை சொல்வது? நல்லதைக் கொடுத்தவனையா?

அப்ஹம் அவன் முகத்தைப் பார்க்காமல் டேப் கன்ட்ரோலரைத் திருப்பி நீட்டினான். வாங்கும்போதுதான் நிரோஷன் பார்த்தான். அப்ஹமின் இடது கட்டை விரல் நுனியில், தனக்குக் காய்த்திருக்கும் அதே பக்கத்தில், ஒரு கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது.

போன பத்து நாளும் ஒரு சொட்டு மழை இல்லை. பத்து நாளும் நிரோஷன் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தான்; இந்த டேப் கன்ட்ரோலர் கடையில் அப்ஹமோடு இருந்தது.