நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை

மருத்துவமனையின் தலைமை மருந்தாளுநருக்கு மேடை என்றாலே உதறல். அன்று அவர்தான் பேச்சாளர்.

"கை இந்த ஆட்டம் ஆடுதே, மைக்கை எப்படிப் பிடிப்பேன்?" என்று மேடைக்குப் பின்னால் புலம்பினார்.

"என்னோட படபடப்பு மாத்திரையில ஒண்ணு போடுங்க. மனசு கல்லாயிடும்" என்றாள் மனைவி. பெயரைக்கூடப் பார்க்காமல் விழுங்கினார்.

நடுக்கம் போன இடம் தெரியவில்லை. குரல் கணீரென்று வந்தது. பேச்சு சூடுபிடித்த நேரத்தில் நெஞ்சு இறுகி, மூச்சு விசிலடித்தது. அன்றாடம் இழுக்கும் ஆஸ்துமா இன்ஹேலரை எடுத்து உறிஞ்சிப் பார்த்தார். பலனில்லை.

"அடேங்கப்பா, என்னமா நடிக்கிறாரு!" என்று கூட்டம் கைதட்டியது.

"நடிப்பில்ல, தூக்குங்கய்யா!" என்று முன்வரிசை டாக்டர் பாய்ந்தார்.

அவசரப் பிரிவில் மாஸ்க் வழியாக மருந்து ஏறியதும் மூச்சு சீரானது.

"வேற என்ன மருந்து சாப்பிட்டாரு?"

மனைவி மாத்திரை அட்டையை நீட்டினாள். பார்த்த டாக்டர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"இன்ஹேலர் திறந்துவிடுற மூச்சுக்குழாயை இது மூடிடும்மா. ஆஸ்துமாக்காரங்க தொடவே கூடாத மாத்திரைகளைப் பத்தித்தான் இன்னிக்கு அவரு பேசினாரு. முதல்ல சொன்னதே இதைத்தான்!"

மாஸ்க்குக்குள்ளிருந்தபடியே மருந்தாளுநர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.