ஆந்தைக்கு ஒரு மெயில்

“இங்கே யார் இல்லைன்னாலும் வேலை நடக்கும் சார். பேஜார் பண்ணிக்காதீங்க.”

வேலையை விட்டு அனுப்பும் கடிதத்தை நீட்டியபடி காலையில் இப்படிச் சொன்ன மேனேஜர் சுஹாஸ், சாயங்காலம் மறுபடி வைத்யநாதனின் மேஜைக்கு வந்தான்.

“போறதுக்கு முன்னால ஸ்வல்ப ஹெல்ப் பண்ணுங்க சார். நம்ம சாஃப்ட்வேர் பேக்கேஜை சோர்ஸ் கோட்லேர்ந்து பில்ட் பண்ணா பாதியில நின்னுடுது.”

“எதுல நிக்குது?”

“வெளியிலேர்ந்து எடுத்துச் சேர்த்த ஏதோ குட்டி கோட் லைப்ரரி. எழுதினவன் ‘ஆந்தை’ன்னு பேர் வெச்சிருக்கான். அவன் சரி பண்ணாத்தான் உண்டு. என் பேர்ல பணிவா ஒரு மெயில் எழுதிக் குடுங்க.”

வைத்யநாதனுக்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. எழுதிக் கொடுத்தார்.

“சூப்பர் சார்! கல்லும் கரைஞ்சிடும்,” என்று சுஹாஸ் உடனே அனுப்பினான்.

அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஸ்ரீரங்கப்பட்டணம் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தார். போனை எடுத்துப் பார்த்தார். ஆந்தைக்கு மெயில் வந்திருந்தது.

கம்பெனி ஆட்கள் வெளியே எந்தப் புரோகிராமும் எழுதக் கூடாது என்பது விதி. அதனால்தான் அந்த லைப்ரரியைப் புனைபெயரில் எழுதி, ஊருக்கெல்லாம் இலவசமாக விட்டிருந்தார்.

மெயிலைத் திறந்தார்.

‘நீங்கள் இல்லாமல் எங்களுக்கு ஒரு நாள்கூட ஓடாது.’

இத்தனை வருஷத்தில் கம்பெனியிலிருந்து அவருக்கு இப்படி ஒரு வரி வந்ததில்லை. அதையும் அவரேதான் எழுத வேண்டியிருந்தது.