எட்டாவது இடம்

திரையில் ஏழு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. எட்டாவதில் வெறும் கோடு.

“கடைமடைக்கு எதுக்கும்மா சென்சாரு? அங்க தண்ணி வந்தா ஊரே வேட்டு போட்டுச் சொல்லுமே” என்று சிரித்தார் செயற்பொறியாளர் துரைராசு. “ஏழோட முடிச்சுக்குவோம்.”

சென்சார்களைப் பொருத்த வந்திருந்த அமிர்தம் சிரிக்கவில்லை. துரைராசு ஜீப்பில் ஏறிவிட்டால் அந்தச் சென்சார் திட்டத்திலிருந்தே போய்விடும். அப்புறம் வாய்க்கால் தலைப்பில் நிற்கும் இந்தத் தானியங்கி ஷட்டருக்கு, கடைசியில் ஓர் ஊர் இருப்பதே தெரியாது.

அது அவள் பிறந்த ஊர்.

கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். இன்புட் கார்டில் எட்டு விளக்குகளும் பச்சையாக எரிந்தன. கம்பி எதுவும் அறுந்திருக்கவில்லை.

வாய்க்கால் நெடுக நட்ட சென்சார்கள் நீர்மட்டத்தை மின்சாரமாக அனுப்பும். கார்டு அதை எண்ணாக்கும். ஒவ்வோர் எண்ணும் கன்ட்ரோலரின் நினைவகத்தில் தனக்கென்று ஒதுக்கிய இடத்தில் போய் உட்காரும். முதல் கம்பிக்கு முதல் இடம், எட்டாவது கம்பிக்கு எட்டாவது இடம். பெரிய பண்ணை, சின்னப் பண்ணை என்பதெல்லாம் கார்டுக்குத் தெரியாது.

மடிக்கணினியை இணைத்து நினைவகத்தையே நேராகப் பார்த்தாள்.

எட்டாவது இடத்தில் ஒரு சின்ன எண் இருந்தது. காலையிலிருந்தே வந்து உட்கார்ந்திருக்கிறது. கூப்பிடத்தான் ஆளில்லை.

புரோகிராம் ஏழாவதோடு நின்றிருந்தது. எழுதியவன் பழைய முறைப்பாசனத்தைப் பார்த்து எழுதியிருக்கிறான். இந்த வாய்க்காலில் காலங்காலமாக ஏழு மதகுக்குத்தான் முறை. கடைமடைக்கு மிச்சம்.

போனை எடுத்து, கடைமடைச் சென்சார் பக்கத்தில் நின்றிருந்த அப்பாவைக் கூப்பிட்டாள்.

“அப்பா, சென்சார் குழாயில ஒரு குடம் தண்ணி ஊத்துங்க.”

எண் துள்ளி ஏறியது. பிறகு மெல்ல வடிந்தது.

“ஊத்திட்டேன். இன்னும் வேணும்னா நீதான் தொறந்து விடணும். இது ஒங்கம்மா குடிக்கப் புடிச்சு வச்சது” என்றார் வீரையன்.

துரைராசு குனிந்து திரையைப் பார்த்தார். சிரிப்பு நின்றிருந்தது.

“உசுரோடதான் இருக்கு.”

அமிர்தம் புரோகிராமில் ஏழை அழித்து எட்டு என்று அடித்தாள்.

கோடு மறைந்து எண் வந்தது. கடைசி ஊர் காய்ந்து கிடக்கிறது என்று கன்ட்ரோலர் முதன்முதலாகத் தெரிந்துகொண்டது. ஷட்டர் ஒருமுறை முனகிவிட்டு, ஆள் கை படாமல் மேலே ஏறியது. அமிர்தத்தின் முதுகு தானாக நிமிர்ந்தது.

“அப்பா, தொறந்தாச்சு. ஒங்களுக்குத்தான் வருது.”



கூலிப் போராட்டம் நடந்த வருஷம், குறுவை கருகியபோது, வீரையன் இதே ஷட்டரைக் கடப்பாரை போட்டு நெம்பித் திறந்தார். இங்கிருந்துதான் அவரை விலங்கு மாட்டி நடத்திக்கொண்டு போனார்கள்.

போனில் அவர் கேட்டார்:

“கேஸ் எதுவும் போடலியே, தாயி?”